லிஃப்ட் குழியில் ஆர்கான்

"உனக்கு வாய் எதுக்குக்கா இருக்கு? சோறு திங்க மட்டுமா?"

குணா ஒருநாள் ஜோஸ்லினிடம் இப்படிக் கேட்டான். சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவன் வாய் தூங்கும்போதுகூட ஓயாது. ஒன்பது வயதுக்குள் அவன் பேசியதை எல்லாம் மூட்டை கட்டினால் ஒரு லாரி போதாது என்று அவன் அம்மாவே சொல்வார்.

ஜோஸ்லின் சிரித்து வைத்தாள். அவளுக்குப் பதினோரு வயது.

இரண்டு குடும்பமும் முன்பு டெல்லியில், ஜங்புராவில் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் இருந்தன. பக்கத்துப் பக்கத்து வீடு. கேம்பை இடித்தபோது வீடுகள் போயின. அவர்களுடைய பள்ளிக்கூடமும் தூரமாகிவிட்டது. இப்போது துவாரகாவில், பாதி கட்டி நின்ற ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். ஜோஸ்லினின் அப்பா தானியேலுக்கு அங்கே வெல்டிங் வேலை. குணாவின் அம்மா மஹாலட்சுமி செங்கல் சுமந்தார்.

"ஸ்கூலை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். எந்த அடுத்த வருஷம் என்று ஜோஸ்லின் கேட்கவில்லை. அவள் முன்பும் அதிகம் பேசமாட்டாள். வீடு இடிந்த பிறகு அந்தக் கொஞ்சமும் நின்றுபோயிற்று.

அதனால் அவளுக்கும் சேர்த்து குணாவே பேசினான்.

"எனக்கு மூணு பூரி, அக்காவுக்கு ரெண்டு. அதுல ஒண்ணை எனக்கே குடுத்துடறேன்னு அக்கா சொல்லிச்சு" என்பான். அவள் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கமாட்டாள். ஆனாலும் பூரியைக் கொடுத்துவிடுவாள்.

குணாவிடம் ஒரு நாய்க்குட்டி இருந்தது. வயிறு உப்பி உருண்டையாக இருந்ததால் அதற்குக் கச்சோரி என்று அந்தப் பலகாரத்தின் பெயரையே வைத்திருந்தான். கழுத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தான். தெருவில் பிறந்த குட்டிதான். ஆனால் குணா கூப்பிட்டால் எங்கிருந்தாலும் ஓடிவரும். வரும் வேகத்தில் பாதி வழியில் ஒருமுறை உருளாமல் வராது.

தானியேல் கட்டடத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்து படிக்கட்டுக்கான ஸ்டீல் கைப்பிடிகளைப் பற்றவைப்பார். பக்கத்தில் ஒரு நீளமான சிலிண்டர் நிற்கும். குணாவும் ஜோஸ்லினும் அங்கே போய் வேடிக்கை பார்ப்பார்கள்.

"மாமா, அது சமையல் கேஸா?" என்று குணா கேட்டான்.

"இல்லடா. ஆர்கான்."

"எரியுமா?"

"எரியாது. மணக்காது. கண்ணுக்கும் தெரியாது."

"அப்புறம் எதுக்கு அதைத் தூக்கிட்டு அலையிறீங்க?"

தானியேல் முகமூடியை நிமிர்த்திக்கொண்டு சிரித்தார். "சூடான ஸ்டீல்மேல காத்து பட்டா கறுத்துப் போயிடும். இந்த ஆர்கான் சுத்தி நின்னு காத்தைக் கிட்ட விடாது. குண்டு பல்பு இருக்கே, அதுக்குள்ளயும் இதைத்தான் அடைக்கிறாங்க. உள்ள இருக்கிற கம்பி சீக்கிரம் எரிஞ்சு போகாம இருக்கணும்ல."

"வேற என்ன செய்யும்?"

"வேற ஒண்ணும் செய்யாது. யார்கூடவும் சேராது, யார்கூடவும் சண்டைக்கும் போகாது. சும்மா நிக்கும். அதுதான் அதோட வேலை."

"அட, நம்ம ஜோஸ்லினக்கா மாதிரி!" என்று குணா கத்தினான். கச்சோரியும் சேர்ந்து குரைத்தது.

"விஷமா மாமா?"

"விஷமெல்லாம் கெடையாது. நாம மூச்சு விடற காத்துலயே கொஞ்சம் அது கலந்துதான் இருக்கு. நீ பேசற பேச்சுல தினம் எவ்வளவு ஆர்கானை உள்ள இழுக்கிறியோ!"

அதன் பிறகு குளிர்காலம் வந்தது. டெல்லிக்கு மேலே புகையும் பனியும் சேர்ந்து அழுக்குப் போர்வை மாதிரி இறங்கியது. பகல் பதினொரு மணிக்கும் சூரியன் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எல்லோரும் இருமினார்கள். காற்றில் மாசு கூடிவிட்டதால் கட்டட வேலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது.

வேலை இல்லையென்றால் கூலி இல்லை. மேற்பார்வை பார்த்த ராஜகோபால், "அடித்தளத்துல உக்காந்து செஞ்சா யாருக்குத் தெரியப் போகுது? நீ பாட்டுக்குச் செய்" என்று தானியேலிடம் சொன்னார். வெளிச்சம் தெரியாமல் இருக்க, உள்ளே இறங்கும் சரிவில் தார்ப்பாய் கட்டித் தொங்கவிட்டார்கள்.

ஒரு மாலையில் வாசலில் ஜீப் வந்து நின்றது. ராஜகோபால் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"செக்கிங் வந்துட்டாங்க! எல்லாத்தையும் லிஃப்ட் குழியில இறக்கு! ஜல்தி, ஜல்தி!"

லிஃப்ட் இன்னும் வரவில்லை. அது வந்து நிற்க வேண்டிய இடத்தில், அடித்தளத்துக்கும் கீழே ஆழமாக ஒரு சதுரக் குழி இருந்தது. சுவரில் ஏறி இறங்க இரும்புப் படிகள் பதித்திருந்தார்கள். தானியேலும் இன்னும் இரண்டு பேரும் வெல்டிங் மெஷினைக் குழிக்குள் இறக்கினார்கள். சிலிண்டரையும் கயிறு கட்டி இறக்கி, மூலையில் சாய்த்து நிறுத்தினார்கள். மேலே பழைய தார்ப்பாய் ஒன்றை இழுத்துப் போட்டார்கள். வந்தவர்கள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். காலியான அடித்தளம்தான் தெரிந்தது. போய்விட்டார்கள்.

"திரும்ப வந்தாலும் வருவாங்க. சாமான் அங்கேயே கெடக்கட்டும்" என்றார் ராஜகோபால்.

அந்த அவசரத்தில் சிலிண்டரின் வாயை மூடினோமா என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தானியேல் வேறு வேலை தேடிக் கூலியாட்கள் நிற்கும் முச்சந்திக்குப் போய்விட்டார். ஜோஸ்லினின் அம்மா பிலோமினா வீட்டு வேலைக்குப் போய்விட்டார். ஜோஸ்லின் அடுப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். குணா வந்து நின்றான்.

"அக்கா, கச்சோரியைப் பாத்தியா? கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டையே போச்சு."

அவன் தொண்டை போவதென்றால் சாதாரண விஷயம் இல்லை. ஜோஸ்லின் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். செக்கிங்குக்குப் பிறகு கட்டடத்தில் கரண்டைத் துண்டித்திருந்தார்கள். ஒரு மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டாள்.

இருவரும் தார்ப்பாயை விலக்கி, மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு அடித்தளத்துக்குள் இறங்கினார்கள். உள்ளே ஈரச் சிமெண்டு வாடை. வெளியே இருந்த குளிர் அங்கே இல்லை. அதனால்தான் குட்டி அங்கே ஒதுங்கியிருக்க வேண்டும்.

லிஃப்ட் குழிமேல் போட்ட தார்ப்பாயின் ஒரு மூலை உள்ளே சரிந்து தொங்கியது.

குணா மண்டியிட்டு எட்டிப் பார்த்தான். "இங்க இருக்கு! சிலிண்டர்மேல சாஞ்சு தூங்குது பாரு, சோம்பேறி!"

அவன் சீட்டி அடித்தான். கையைத் தட்டினான். "கச்சோரி! ஏய் கச்சோரி! பிஸ்கெட்!"

பிஸ்கெட் என்றால் அதன் வால் எவ்வளவு தூக்கத்திலும் ஆடும். இப்போது ஆடவில்லை.

"அடி பட்டிருக்கும்போல. நான் இறங்கித் தூக்கிட்டு வரேன். நீ வெளிச்சம் காட்டு" என்று குணா குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டான்.

ஜோஸ்லின் அவன் பக்கத்தில் குப்புறப் படுத்து, மெழுகுவத்தி பிடித்த கையைக் குழிக்குள் நீட்டினாள்.

சுடர் பொட்டென்று அணைந்தது.

மறுபடி ஏற்றினாள். மேலே இருந்தவரை சுடர் ஆடாமல் நின்றது. கையை இறக்கினாள். யாரோ இரண்டு விரலால் கிள்ளி எடுத்தமாதிரி மறுபடியும் அணைந்தது.

"காத்துல அணையுதுக்கா. கையால மறைச்சுக்கோ" என்றான் குணா.

ஆனால் அங்கே காற்று அடிக்கவில்லை. சரிவு வழியாக வந்த பகல் வெளிச்சத்தில், திரியிலிருந்து கிளம்பிய புகையை ஜோஸ்லின் பார்த்தாள். அது மெல்ல ஆறி, ஏதோ ஒன்றின்மேல் படிந்தாற்போல அப்படியே பரவி நின்றது. குழியில் தண்ணீர் நிறைந்திருந்தால் அதன்மேல் எண்ணெய் மிதக்குமே, அப்படி. ஆனால் குழியில் தண்ணீர் இல்லை. எதுவுமே இல்லை. அடிவரை தெளிவாகத் தெரிந்தது.

மணக்காது. கண்ணுக்கும் தெரியாது. சுத்தி நின்னு காத்தைக் கிட்ட விடாது.

அப்பா சொன்னதெல்லாம் ஜோஸ்லினுக்கு நினைவு வந்தது. அதற்குள் குணா ஒரு காலை முதல் இரும்புப் படியில் வைத்துவிட்டான். அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள்.

"என்னக்கா!"

"இறங்காதே!"

அவள் குரல் அந்த வெற்று அடித்தளத்தில் மோதித் திரும்பி வந்தது. குணா ஒரு கணம் திகைத்துப் போனான். அவள் கத்தி அவன் கேட்டதே இல்லை.

"அங்க ஆர்கான் இருக்கு. குழி பூரா இருக்கு" என்றாள்.

"இருந்தா என்ன? விஷம் கெடையாதுன்னு உங்கப்பாதானே சொன்னாரு!"

"விஷம் இல்லடா. ஆனா அங்க காத்தே இல்ல. நீ எதை மூச்சு விடுவே?"

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இறங்கறேன்! விடு!"

"மாட்டேன்."

"விடுன்னு சொல்றேன்!"

அவன் உதைத்தான். கிள்ளினான். அவள் கையைப் பல் பதியக் கடித்தான். ஓடிப்போய் யாரையாவது கூட்டிவரலாம் என்றால், அவள் பிடியை விட்ட அடுத்த நொடி அவன் குதித்துவிடுவான். வேறு வழி தெரியாமல் ஜோஸ்லின் அவன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்தபடியே தமிழிலும் இந்தியிலும் கத்தினாள்.

"யாராவது வாங்க! யாராவது வாங்களேன்! கோயி ஹை? பையா!"

அவளிடம் அத்தனை சத்தம் இருந்தது அவளுக்கே தெரியாது.

காது வரை மஃப்ளர் சுற்றிக்கொண்டு, கையில் டீ கிளாஸோடு ராஜகோபால்தான் வந்தார்.

"என்னம்மா இது குஸ்தி? யாராவது செத்துட்டாங்களோன்னு பயந்துட்டேன்."

"சார், கச்சோரி உள்ள கெடக்கு. இந்த அக்கா என்னை விடமாட்டேங்குது!" என்று குணா கீழே இருந்து அழுதான்.

"ஒரு நாய்க்குட்டிக்கா இந்தக் கூப்பாடு? நகரு, நான் எடுத்துத் தரேன்." அவர் கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு, படியில் கால் வைக்கக் குனிந்தார்.

"சார், இறங்காதீங்க!"

"அட, சும்மா இரும்மா."

"இறங்கினீங்கன்னா அப்புறம் உங்களையும் கொக்கி போட்டுத்தான் எடுக்கணும்!"

ராஜகோபால் நின்றுவிட்டார். கட்டடத்தில் எல்லோரும் அவரைப் பார்த்தால் ஒதுங்கிப் போவார்கள். இந்தப் பெண் இதுவரை அவருக்கு ஒரு வணக்கம்கூடச் சத்தமாகச் சொன்னதில்லை.

"மெழுகுவத்தியை ஏத்தி உள்ள காட்டுங்க சார்" என்றாள் ஜோஸ்லின். குணாவின்மேல் இருந்து அவள் எழுந்திருக்கவில்லை.

அவர் ஏற்றினார். காட்டினார். அணைந்தது. இன்னொருமுறை ஏற்றினார். காட்டினார். அணைந்தது. அவர் காலைப் பின்னால் எடுத்தபோது டீ கிளாஸ் தட்டிக் கொட்டியது. அவர் அதைப் பார்க்கவில்லை.

அடித்தளத்தில் கம்பிகளுக்குக் குறைவில்லை. முனை வளைந்த ஒன்றை மூங்கிலில் கட்டினார்கள். ராஜகோபால் விளிம்பில் படுத்து, சிவப்புத் துணியில் கொக்கியை மாட்ட முயன்றார். நழுவியது. மறுபடி நழுவியது. குணா இப்போது அழக்கூட இல்லை. கடைசியில் மாட்டிக்கொண்டது.

கச்சோரி மேலே வந்தது. எங்கும் அடி இல்லை, ரத்தம் இல்லை. தூங்குவதுபோலவே இருந்தது.

குணா அதை மடியில் போட்டுக்கொண்டு நெஞ்சைத் தேய்த்தான். மூக்கில் ஊதினான். "எந்திரி. எந்திரிடா. பிஸ்கெட் தரேன்" என்றான். ஜோஸ்லினும் அதன் கால்களைத் தேய்த்துவிட்டாள். ரொம்ப நேரம் தேய்த்தார்கள்.

பிறகு குணா தலையைத் தூக்கினான்.

"உடம்பு இன்னும் சூடா இருக்கு" என்றான். "நாம வந்தப்போ உசுரோட இருந்திருக்கும். நீ விட்டிருந்தா காப்பாத்தியிருப்பேன். நீதான் விடலை."

அக்கா என்று அவன் சொல்லவில்லை.

ஜோஸ்லினால் அவன் சொல்வது பொய் என்று சொல்ல முடியவில்லை. உண்மை என்றும் தெரியவில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் சரிவில் ஏறிப் போனான்.

ராஜகோபால் மெல்ல இருமினார். "இதோ பாரும்மா. குட்டி குளிர்ல செத்துப்போச்சுன்னு சொல்லிடு. குழி, சிலிண்டர்னு ஆரம்பிச்சா உங்கப்பா வேலைக்குத்தான் ஆபத்து. புரியுதா?"

ஜோஸ்லின் வழக்கம்போலப் பேசாமல் நின்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

மத்தியானம் வேலை கிடைக்காமல் தானியேல் திரும்பி வந்தார். ஜோஸ்லின் அவரை அடித்தளத்துக்குக் கூட்டிப்போனாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் படுத்துக் கையை நீட்டி, சிலிண்டரின் வாயைத் தொட்டுப் பார்த்தார். திறந்தே இருந்தது. அளவு காட்டும் முள் சுத்தமாக இறங்கிக் கிடந்தது. ராத்திரி முழுவதும் ஒழுகி எல்லாமே குழிக்குள் போய்விட்டது.

அவர் எழுந்து சுவரோரம் உட்கார்ந்தார்.

"காத்தைவிட அது கனம்மா. பள்ளத்துல போய்த் தேங்கும். அதை மட்டும் உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்" என்றார். பிறகு, "அந்தப் பையனும் இறங்கியிருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப எப்படிப்பா வெளிய போகும்?"

"காத்தை அடிச்சுத்தான் வெளியேத்தணும். கரண்டு இல்லையே. இன்னொரு சைட்டுல டீசல்ல ஓடற ப்ளோயர் இருக்கு. நாளைக்குக் கேட்டு எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் பலகை போட்டு மூடச் சொல்றேன்."

"சரி, சரி, பலகை அனுப்பறேன்" என்றார் ராஜகோபால். சாயங்காலம் வரை பலகை வரவில்லை.

அன்று மாலை ஜோஸ்லின் மஹாலட்சுமியின் கொட்டகைக்குப் போனாள். குணா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"அத்தை, கச்சோரி குளிர்ல சாகலை" என்று ஆரம்பித்தாள். குழியைப் பற்றி, சிலிண்டரைப் பற்றி, அணைந்துபோன மெழுகுவத்தியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் வார்த்தை சிக்கியது. நின்று, எச்சில் விழுங்கி, விட்ட இடத்திலிருந்து சொன்னாள். "நம்ம பிள்ளைங்க யாரும் அங்க போகக்கூடாது அத்தை. எல்லாருக்கும் சொல்லிடுங்க."

மஹாலட்சுமி எழுந்து போய் குணாவை இழுத்து அணைத்துக்கொண்டார். அவன் திமிறிக்கொண்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினான். அவன் கண் திறந்திருந்ததை ஜோஸ்லின் பார்த்தாள்.



காலையில் பனி இன்னும் கனமாக இறங்கியிருந்தது. பக்கத்துச் சாலையில் போகும் பஸ்ஸின் சத்தம் மட்டும் கேட்டது, பஸ் தெரியவில்லை. தானியேல் ப்ளோயர் கேட்கக் கிளம்பிப் போயிருந்தார். பலகை இன்னும் வரவில்லை. ஜோஸ்லின் அடித்தளத்துக்கு வந்தபோது, கச்சோரியோடு பிறந்த இன்னொரு குட்டி குழியின் ஓரத்தில் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டாள். அது மறுபடி உள்ளே வந்தது. மறுபடி தூக்கி வெளியே விட்டாள்.

பிறகு அவள் செங்கல் குவியலிடம் போனாள். ஒரு தடவைக்கு இரண்டு செங்கல்தான் தூக்க முடிந்தது. தூக்கி வந்து குழியைச் சுற்றி அடுக்க ஆரம்பித்தாள். கடிபட்ட கை வீங்கியிருந்தது. செங்கல் பட்ட இடமெல்லாம் எரிந்தது.

ஒரு பக்கம் முழங்கால் உயரம் வந்தபோது யாரோ நிற்பதுபோல இருந்தது. திரும்பினாள்.

குணா சரிவின் அடியில் நின்றிருந்தான். ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டிருந்தான். கண் வீங்கியிருந்தது.

ஜோஸ்லின் கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைக்கவில்லை.

"எனக்கும் கச்சோரியை எடுக்கணும்னுதான் இருந்துச்சு குணா" என்றாள். "நீ சொன்ன மாதிரி அது உசுரோட இருந்துதா, இல்லையா, எனக்குத் தெரியல. ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன். தெரியல. ஆனா நீ இறங்கியிருந்தா திரும்பி ஏறியிருக்கமாட்டே. அது மட்டும் எனக்குத் தெரியும். நீ என்னைத் திட்டிக்கோ. இன்னொரு தடவை இப்படி நடந்தாலும் உன்னை விடமாட்டேன்."

குணா குழியைப் பார்த்தான். அவள் கையில் இருந்த பல் தடத்தைப் பார்த்தான். அவள் திரும்பி, செங்கல்லை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது எதிரே குணா நடந்து வந்துகொண்டிருந்தான். மார்போடு மூன்று செங்கல். தாடையால் மேல் செங்கல்லை அழுத்திப் பிடித்திருந்தான். அவளைக் கடந்து போய், விட்டுப்போயிருந்த பக்கத்தில் அதை அடுக்கினான்.

அதன் பிறகு இருவரும் மாறி மாறிப் போய் வந்தார்கள். அவள் வைத்தது கோணலாக இருந்தால் அவன் நேராக்கினான். அவன் வைத்தது ஆடினால் அவள் அடியில் சல்லிக்கல் கொடுத்தாள். குட்டி வந்து மோதிப் பார்த்தது. முன்காலை மேலே வைத்து எம்பிப் பார்த்தது. முடியாமல் தும்மிவிட்டு வெளியே ஓடியது. இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் அது போன பக்கம் பார்த்தார்கள்.

நாலு பக்கமும் மூடியபோது சுவர் குணாவின் மார்பு உயரம் இருந்தது. அவன் ஒருமுறை சுற்றி வந்து, ஒவ்வொரு பக்கமாகக் கையால் தள்ளிப் பார்த்தான். எங்கும் அசையவில்லை.

கையிலிருந்த செம்மண் தூளை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டான். ஜோஸ்லினைப் பார்த்தான். பிறகு சரிவில் ஏறி, குட்டி ஓடிய பக்கமாகப் பனிக்குள் போனான்.